பதவியை உதறிய காமராஜர்

தூத்துக்குடியை அடுத்த ஊர் மாப்பிள்ளையூரணி. இந்தக் கடற்கரை ஒரு காலத்தில் முத்துக்குளிப்புக்குப் பேர் போனது.

முத்துக் குளிப்பவர் கயிற்றோடு கடலுக்குள் இறங்குவார். கயிற்றின் மறுமுனை தோணியில் இருப்பவர் கையில் இருக்கும். அவர் கவனம் பிசகினால் கீழே இருப்பவர் உயிருக்கே ஆபத்து.

மக்களிடம் ஓட்டு வாங்கிப் பதவிக்கு வந்தவர்களும் தோணியில் இருப்பவர்கள்தான். நாற்காலியில் உட்கார்ந்ததும் பலருக்குக் கயிறு மறந்துபோகிறது. அதை மறக்கக்கூடாது என்று முதல்-மந்திரி பதவியையே உதறினார் ஒருவர். அவர்தான் காமராஜர்.

சிறையில் வந்த பதவி

காமராஜர் 1903-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி விருதுநகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். படிப்பு பாதியில் நின்றது. மாமாவின் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார்.

1930-ல் வேதாரண்யம் உப்பு சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு சிறை சென்றார்.

1941-ல் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையானதும் அந்தப் பதவியை ராஜினாமா செய்தார். முழுமூச்சாக உழைக்க முடியாத பதவியில் ஒட்டிக்கொண்டிருக்க அவர் விரும்பவில்லை.

கோட்டையில்

1954 ஏப்ரல் 13-ந் தேதி முதல்-மந்திரி ஆனார். தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சி.சுப்பிரமணியத்துக்கும் மந்திரி பதவி கொடுத்தார்.

ஏழைப் பிள்ளைகள் பசியோடு பள்ளிக்கு வருவதைக் கண்டு மதிய உணவுத் திட்டம் கொண்டுவந்தார். 1956-ல் எட்டயபுரத்தில் அது தொடங்கியது. அந்த ஊர் இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது.

மகன் முதல்-மந்திரி. ஆனால் தாயார் சிவகாமி அம்மாள் விருதுநகரில் அதே சிறிய வீட்டில்தான் வாழ்ந்தார்.

நாற்காலி ஆசை

ஆண்டுகள் ஓடின. சுதந்திரப் போரில் தடியடி பட்டவர்கள் மந்திரிகள் ஆனார்கள். திண்ணையில் உட்கார்ந்து மக்களோடு பேசியவர்களைப் பார்க்கக் கோட்டை வாசலில் காத்திருக்க நேர்ந்தது.

இதைக் கண்டு காமராஜர் கவலைப்பட்டார். மூத்த தலைவர்கள் பதவி விலகி, மக்களிடம் திரும்பிப் போகவேண்டும் என்று நேருவிடம் யோசனை சொன்னார். சொன்னதைத் தாமே செய்தும் காட்டினார். 1963 அக்டோபர் 2-ந் தேதி பதவியை விட்டு இறங்கினார். இதுவே "காமராஜ் திட்டம்". இதன்படி 6 மத்திய மந்திரிகளும் 6 முதல்-மந்திரிகளும் விலகினார்கள்.

வேண்டாதவர்களைக் கழிக்க வந்த தந்திரம் என்று குறை சொன்னவர்களும் உண்டு.

கயிறு சுண்டியது

காமராஜர் அகில இந்திய காங்கிரஸ் தலைவர் ஆனார். 1964-ல் சாஸ்திரியும், 1966-ல் இந்திரா காந்தியும் பிரதமராவதற்கு அவரே முக்கியக் காரணம். அவருக்கு டெல்லி வேலை பெருகியது.

இங்கே 1965-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. பின்னர் அரிசித் தட்டுப்பாடும் வாட்டியது. மக்களின் மனக்கொதிப்பை ஆட்சியில் இருந்தவர்கள் உணரவில்லை.

1967 தேர்தலில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. சொந்த ஊரான விருதுநகரிலேயே காமராஜர் 1,285 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். அவரைத் தோற்கடித்தவர் மாணவர் தலைவர் பெ.சீனிவாசன்.

காமராஜர் 1975 அக்டோபர் 2-ந் தேதி காலமானார். தமக்கென்று அவர் சொத்து எதுவும் சேர்க்கவில்லை.

பதவி அவரைக் கெடுக்கவில்லை. ஆனால் ஒருவர் நல்லவராக இருந்தால் மட்டும் போதாது என்பதை அவர் கட்சி கண்ட தோல்வி காட்டுகிறது.

கடலுக்குள் இருப்பவர் கயிற்றைச் சுண்டினால்தான் மேலே இருப்பவர் இழுப்பார். பஞ்சாயத்துத் தேர்தலோ, சட்டசபைத் தேர்தலோ, நம் கையில் உள்ள ஓட்டுதான் அந்தச் சுண்டல். மறக்காமல் சுண்டவேண்டியது நம் பொறுப்பு.