ஆலைத் தொழிலாளரின் அக்கா

செல்வக் குடும்பத்தில் பிறந்தும் ஏழைத் தொழிலாளரின் துயரைத் தம் துயராக ஏற்றவர் அனசூயா சாராபாய் அம்மையார். அவரது வாழ்வை இங்கே சிறிது காண்போம்.

1885-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் அகமதாபாத் நகரில், துணி ஆலைகளுக்கு உரிமையுள்ள சமணக் குடும்பத்தில் அவர் பிறந்தார். ஒன்பது வயதில் பெற்றோரை இழந்தார். பதின்மூன்று வயதில் நடந்த திருமணமும் நிலைக்கவில்லை. தம்பி அம்பாலாலின் உதவியால் 1912-இல் மருத்துவம் பயில இங்கிலாந்து சென்றார். உயிர்களை அறுத்துப் பயில்வது தம் சமய நெறிக்கு ஒவ்வாமையால் லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் சேர்ந்தார். 1913-இல் தாயகம் திரும்பி, ஏழைத் தொழிலாளரின் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார்.

ஒருநாள் காலை, நடைப்பிணம்போல் சென்ற பெண்கள் சிலரைக் கண்டு விசாரித்தார். அவர்கள் 36 மணி நேரம் இடைவிடாது ஆலையில் உழைத்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள்! அன்றே அவர் தம் வழியைத் தெரிந்துகொண்டார்.

1917-இல் பிளேக் நோய் பரவியபோது, தொழிலாளர் ஊரைவிட்டு ஓடாதிருக்க ஆலை முதலாளிகள் கூலிக்குமேல் போனஸ் கொடுத்தனர். நோய் தணிந்ததும் அதை நிறுத்தினர். போர்க்கால விலைவாசியோ இறங்கவில்லை. தொழிலாளர் 50 சதவீத உயர்வு வேண்டினர். முதலாளிகள் 20 சதவீதமே தருவோம் என்றனர். காந்தியடிகளும் அனசூயாவும் இரு தரப்பின் நிலையையும் ஆராய்ந்து, 35 சதவீதமே நியாயம் எனக் கண்டு, தொழிலாளரையும் அதற்கு இணங்கச் செய்தனர். முதலாளிகளின் முன்னணியில் நின்றவரோ, அவருடைய அருமைத் தம்பி அம்பாலால்!

1918 பிப்ரவரி 22 முதல் ஆலைகள் மூடிக் கிடந்தன. பட்டினியால் தொழிலாளர் தளரவே, மார்ச் 15 அன்று காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். 18-ஆம் நாள் இரு தரப்பினரும் வழக்கை நடுவரிடம் விட இசைந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் நடுவர் 35 சதவீதமே வழங்கினார். 1920-இல் துணி ஆலைத் தொழிலாளர் சங்கம் அனசூயாவின் தலைமையில் தோன்றியது.

சங்கத்தால் துணி விலை ஏறாதா, வாங்குவோருக்கு அதனால் என்ன நன்மை என்று சிலர் கேட்கலாம். கூலி உயர்வு சில வேளை விலையிலும் சேரும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆலை மூடிக் கிடந்தால் துணியே நெய்யப்படாது. அளவோடு கேட்டு, வழக்கை நடுவரிடம் விடும் சங்கம், வாங்குவோருக்கும் காவலாகிறது. மேலும், தொழிலாளியும் கடைக்குச் சென்று அரிசியும் துணியும் வாங்குகிறவர்தாமே? அவர் கையில் காசு இல்லையேல் கடைக்காரருக்கும் வியாபாரம் இல்லை.

சங்கம் எப்போதும் வென்றதுமில்லை. 1923-இல் கூலிக் குறைப்பை எதிர்த்த வேலைநிறுத்தம் தோல்வியுற்றது. எனினும் சங்கம் கலையவில்லை. தொழிலாளருக்குப் பள்ளியும் மருத்துவ உதவியும் அளித்து வளர்ந்தது.

தொழிலாளர் அவரை அன்புடன் மோட்டாபேன், அதாவது மூத்த அக்கா, என்று அழைத்தனர். 1972 நவம்பர் 1-ஆம் நாள் அவர் மறைந்தார். அதே ஆண்டில்தான் அச்சங்கத்தின் மகளிர் பிரிவிலிருந்து, இளா பட் அம்மையாரின் முயற்சியால், காய்கறி விற்போர், சுமை தூக்குவோர் போன்ற ஏழைப் பெண்களுக்கான சேவா சங்கம் பிறந்தது.

தம்பியிடம் பாசம் குன்றாமலே தொழிலாளரின் பக்கம் நின்றார் அனசூயா. கடையில் ஒரு முழம் துணி வாங்கும்போதும், அதை நெய்த கைகளுக்கு உரிய கூலி கிடைத்ததா என்று நாமும் எண்ணிப் பார்ப்போமாக.