கட்டுமரத்துக்குக் காப்புரிமை வாங்கியவர்



நம்ம ஊர் போட் ஹவுஸில் பெடல் போட் மிதிக்காதவர் நம் கல்லூரியில் யாராவது உண்டா? இரண்டு பேர் மிதிக்க, நடுவில் இருக்கும் கைப்பிடியைத் திருப்பினால் படகு திரும்புகிறது. தண்ணீருக்குள் இருக்கிற ஒரு சின்னப் பலகைதான் அந்த வேலையைச் செய்யுது. அதற்குச் சுக்கான் என்று பெயர். அந்தச் சின்னப் பலகையைப் பற்றி வாழ்நாள் முழுக்க யோசித்த ஒரு மெக்கானிக்கல்காரரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் பெயர் நத்தானியல் ஹெரெஷாஃப்.

1848-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிரிஸ்டல் என்னும் கடலோர ஊரில் பிறந்தார். அண்ணன் ஜான் சிறு வயதிலேயே கண் பார்வையை முழுதாக இழந்தவர். ஆனாலும் படகு கட்டும் ஆசையை அண்ணன் விடவில்லை. தம்பி கண்ணாக இருந்தார், அண்ணன் கையாக இருந்தார். நத்தானியல் ஒரு படகை வடிவமைக்கும்போது முதலில் அதன் பாதி உடலை மரத்தில் சிறியதாகச் செதுக்குவார். அண்ணன் அதை விரலால் தடவிப் பார்த்தே எந்த வளைவு சரி, எது சரியில்லை என்று சொல்லிவிடுவார். இதைப் படித்தபோது எனக்கு எங்க அப்பா ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடமே போகாத அவர், தேயிலை ஃபேக்டரியில் சி.டி.சி. மிஷின் சத்தத்தைக் கேட்டே ரோலர் பல் மழுங்கிவிட்டது என்று சொல்லுவார். கை அறிவும் காது அறிவும் ஏட்டறிவுக்குக் குறைந்தவை அல்ல!

நத்தானியல் 1866-ல் பாஸ்டன் நகரில், அப்போதுதான் தொடங்கியிருந்த எம்.ஐ.டி. கல்லூரியில் சேர்ந்து மூன்று வருடம் மெக்கானிக்கல் படித்தார். நம்ம டிப்ளமா அளவுதான்! பிறகு பிராவிடன்ஸ் நகரில் கார்லிஸ் நீராவி என்ஜின் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். 1876-ல் பிலடெல்பியா நகரில் நடந்த பெரிய பொருட்காட்சியில், 1,400 குதிரைத் திறன் கொண்ட ராட்சத கார்லிஸ் என்ஜின் ஓடியபோது அதைக் கவனிக்கும் பொறுப்பு இவரிடம் இருந்தது.

அதே 1876-ல்தான் இரண்டு உடல்கள் கொண்ட அமரில்லிஸ் என்ற பாய்மரப் படகையும் இவர் கட்டினார். சுமார் 25 அடி நீளம். இரண்டு உடல்களும் அலைக்கு ஏற்ப தனித்தனியாக ஏறி இறங்கும்படி மூட்டு வைத்து இணைத்திருந்தார். நியூயார்க் பந்தயத்தில் அது பெரிய பெரிய படகுகளை எல்லாம் பின்னால் தள்ளிவிட்டு முதலில் வந்தது. பரிசு கிடைத்ததா? இல்லை! தோற்றவர்கள் ஆட்சேபம் தெரிவித்ததால், இது பந்தயப் படகு வகையிலேயே சேராது என்று தள்ளிவிட்டார்கள். அவர் சோர்ந்துவிடவில்லை. 1877 ஏப்ரலில் அந்த அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார்.

இந்தப் படகு வகைக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் கேட்டமரான். அது நம்ம கட்டுமரம் என்ற சொல்தான்! சோழமண்டலக் கரையில் மீனவர்கள் மரங்களைக் கட்டிக் கடலில் போவதைப் பார்த்து எடுத்துக்கொண்ட சொல். நம் கட்டுமரத்துக்கு இரண்டு உடல் கிடையாது. இரட்டைப் படகு பசிபிக் தீவு மக்களுடைய கலை. ஆனால் பெயர் போனது தமிழிலிருந்து.

இரட்டைப் படகில் ஒரு சிக்கல் இருக்கு. உடலுக்கு ஒன்றாக இரண்டு சுக்கான்கள். இரண்டையும் ஒரு குறுக்குத் தண்டு இணைக்கும். புதிதாக வாங்கிய படகானாலும் இதைச் சரிபார்க்காமல் ஓட்டக் கூடாது. இரண்டு சுக்கான்களின் முன் விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரத்தையும், பின் விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் டேப் வைத்து அளக்கணும். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கணும். வித்தியாசம் அதிகமானால் ஒரு சுக்கானோடு இன்னொன்று சண்டை போட்டு, இரண்டும் பிரேக் போல வேகத்தைக் குறைக்கும். கல்லட்டி ஹேர்பின் வளைவில் ஏறும் பஸ்ஸுக்கு வீல் அலைன்மென்ட் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சுக்கானின் நுனி பின்னால் தள்ளி நின்றால் கைப்பிடி கனக்கும். முன்னால் கொண்டுவந்தால் லேசாகும். மாட்டியிருக்கும் ஊசியில் ஆட்டம் இருந்தால் புஷ் போட வேண்டும். நம்ம ஒர்க்‌ஷாப் பாடம்தான், இடம் மட்டும் தண்ணீர்!

1878-ல் அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஹெரெஷாஃப் கம்பெனியைத் தொடங்கினார்கள். அமெரிக்கக் கடற்படையின் டார்பிடோ படகு எண் 1 ஆன குஷிங் இவர்கள் கட்டியதுதான். 1893 முதல் 1920 வரை இவர் வடிவமைத்த ஐந்து படகுகள் அமெரிக்கா கோப்பையை ஆறு தடவை காப்பாற்றின. இதில் நான்கு தடவை தோற்றவர் யார் தெரியுமா? இலங்கையில் தோட்டம் வாங்கி உலகமெங்கும் டீ விற்ற சர் தாமஸ் லிப்டன்! 1903-ல் ஜெயித்த ரிலையன்ஸ் படகின் சுக்கான் உள்ளே வெற்றிடம் கொண்டது. அதில் தண்ணீர் நிரப்பியும் வெளியேற்றியும் கைப்பிடியின் கனத்தைச் சரிசெய்யலாம். என்ன மூளை!

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. 1888-ல் சே வென் என்ற நீராவிப் படகின் வேக சோதனை நடந்தது. அழுத்தம் கூடி சேஃப்டி வால்வு திறந்தது. முழு வேகம் வேண்டும் என்பதற்காக அவர் அதை மூடினார். பாய்லர் வெடித்தது. ஒரு தொழிலாளி உயிர் இழந்தார். நத்தானியலின் நீராவி என்ஜினியர் லைசென்ஸ் பறிபோனது. இத்தனை பெரிய மேதைக்கே ஒரு நிமிட அவசரத்தில் கை தவறியது. போன உயிர் போனதுதான். குன்னூர் ஸ்டேஷனில் மலை ரயில் என்ஜின் உஸ்ஸென்று ஆவி விடும்போது இனி எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். நாளைக்கு ஃபேக்டரியில் நாம் சூப்பர்வைசராக நிற்கும்போது, உற்பத்தி குறையுதே என்று யாராவது வால்வைக் கட்டச் சொல்லலாம். அந்த பாய்லர் பக்கத்தில் நிற்பவர் நம்ம அப்பா போன்ற ஒருவராகத்தான் இருப்பார். மாட்டேன் என்று சொல்லத்தான் நாம் படித்திருக்கிறோம்.

அண்ணன் ஜான் 1915-ல் மறைந்தார். நத்தானியல் தம் 90-ஆவது வயதில், 1938 ஜூன் 2-ஆம் தேதி, பிறந்த பிரிஸ்டல் ஊரிலேயே காலமானார். அவர் காலத்தில் ஒதுக்கப்பட்ட இரட்டைப் படகு இன்று உலகின் எல்லாக் கடற்கரைகளிலும் ஓடுகிறது, நம்ம தமிழ்ப் பெயரைச் சுமந்துகொண்டு.

அடுத்த முறை போட் ஹவுஸ் போனால், படகில் ஏறுவதற்கு முன் குனிந்து அந்தச் சுக்கானை ஒரு தடவை பாருங்கள் நண்பர்களே!

— இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு