கன்டெய்னரைப் பிடித்து நிறுத்தும் குட்டிப் பூட்டு: உரிமையை விட்டுக்கொடுத்த மால்கம் மெக்லீன்

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் பைக்கில் போனவர்கள் இந்தக் காட்சியைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. முன்னால் ஒரு டிரெய்லர் லாரி. அதன் மேல் 40 அடி நீளத்தில் ஒரு இரும்புப் பெட்டி. பெட்டியைச் சுற்றிக் கயிறு இல்லை, சங்கிலியும் இல்லை. சரக்கோடு சேர்த்து 30 டன் வரை கனக்கும் அந்தப் பெட்டி, வளைவில் திரும்பும்போது ஏன் சரிந்து விழுவதில்லை?

அடுத்த தடவை சிக்னலில் நிற்கும்போது பெட்டியின் கீழ் மூலையைக் கொஞ்சம் கவனியுங்கள். லாரியின் சட்டத்திலிருந்து எழும் ஒரு இரும்புத் தலை, பெட்டியின் மூலையில் உள்ள துளைக்குள் நுழைந்து, குறுக்காகத் திரும்பி நிற்கும். நான்கு மூலைக்கு நான்கு. இதன் பெயர் ட்விஸ்ட் லாக். அவ்ளோதான் விஷயம்.

ஆனால் இந்தச் சின்னப் பூட்டு இல்லையென்றால் திருப்பூர் பனியன் தூத்துக்குடி வழியாக ஐரோப்பா போகும் செலவு வேறு மாதிரி இருந்திருக்கும். உங்கள் கையில் இருக்கும் போனின் விலையும்தான். இதை வடிவமைத்தவர் ஒரு இன்ஜினியர். அதற்குப் பணம் போட்டு, பிறகு அது உலகம் முழுக்கப் பரவ வழிவிட்டவர், லாரி ஓட்டிப் பிழைப்பைத் தொடங்கிய ஒருவர். அவர்தான் மால்கம் மெக்லீன்.

பெட்ரோல் பங்க்கிலிருந்து லாரிக்கு

மெக்லீன் பிறந்தது 1913இல், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் மேக்ஸ்டன் என்ற சிற்றூரில். அப்பா விவசாயி, கூடவே தபால் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் பார்த்தார். வீட்டில் பிள்ளைகள் அதிகம். 1931இல் பள்ளிப் படிப்பு முடிந்தபோது நாடே பொருளாதார மந்தத்தில் கிடந்தது. காலேஜ் என்ற பேச்சுக்கே இடமில்லை. பெட்ரோல் பங்க்கில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஒரு கணக்கு அவர் கண்ணில் பட்டது. எண்ணெய் விற்பவரைவிட அதைக் கொண்டுவந்து இறக்குபவருக்குக் காசு நிற்கிறது. 1934இல் பழைய லாரி ஒன்றை வைத்து, கூடப்பிறந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு தொழிலைத் தொடங்கினார். இருபது வருஷத்தில் அது அமெரிக்காவின் பெரிய லாரி நிறுவனங்களில் ஒன்றாகிவிட்டது.

1937இல் நடந்ததாக அவரே பின்னாளில் ஒரு சம்பவத்தைச் சொல்வார். நியூயார்க் அருகே ஒரு துறைமுகத்துக்குப் பருத்தி பேல்களை ஏற்றிக்கொண்டு போனார். கூலியாட்கள் ஒவ்வொரு பேலாக இறக்கிக் கப்பலுக்குள் அடுக்குவதைப் பார்த்தபடி கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்கக் காத்துக்கிடந்தார். லாரியின் பெட்டியை அப்படியே தூக்கி வைத்துவிட்டால் என்ன என்று அப்போதுதான் தோன்றியதாம். இந்தக் கதை எந்த அளவுக்கு உண்மை என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் அவர் பார்த்ததாகச் சொல்லும் காட்சி அன்றைக்கு எல்லாத் துறைமுகத்திலும் தினமும் நடந்ததுதான்.

தூத்துக்குடியில் நிலைமை இன்னும் சிரமம். பழைய துறைமுகத்தில் கடல் ஆழம் குறைவு. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளித்தான் நங்கூரம் போடும். பருத்தியோ உப்போ, கிட்டங்கியிலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து தோணிக்கு, தோணியிலிருந்து கப்பலுக்கு, கப்பலுக்குள் அடுக்கும் இடத்துக்கு என்று ஒரே மூட்டை பல தடவை தோளுக்கும் முதுகுக்கும் மாறும். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய காலத்திலும் இதே கதைதான். தூக்குகிற ஒவ்வொரு தடவையும் கூலி, ஒவ்வொரு தடவையும் சேதாரம், கொஞ்சம் திருட்டும் உண்டு.

லாரிக்காரர் கப்பல் வாங்கினார்

1950களின் தொடக்கத்தில் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் நெரிசல் அதிகமானது. லாரிகளைக் கப்பலில் ஏற்றிக் கடற்கரையோரமாகவே அனுப்பிவிடலாம் என்று மெக்லீன் யோசித்தார். பிறகு, சக்கரம் எதற்கு வீணாக இடத்தை அடைக்க வேண்டும் என்று தோன்றியது. சக்கரத்தைக் கழற்றினால் வெறும் பெட்டி. பெட்டி என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம்.

ஒரு சிக்கல். லாரி நிறுவனம் வைத்திருப்பவர் கப்பல் நிறுவனமும் நடத்த அன்றைய அமெரிக்கச் சட்டம் இடம் தரவில்லை. பலர் அங்கேயே நின்றிருப்பார்கள். மெக்லீன் 1955இல் இருபது வருஷமாகக் கட்டி வளர்த்த லாரி கம்பெனியைக் கைவிட்டு, பான் அட்லாண்டிக் என்ற சிறிய கப்பல் கம்பெனியைக் கடன் வாங்கி வாங்கினார். கப்பல் ஓட்டிய அனுபவம் அவருக்குத் துளியும் கிடையாது.

பெட்டி செய்ய ஆள் தேடியபோது கிடைத்தவர் கீத் டான்ட்லிங்கர், டிரெய்லர் கட்டும் இன்ஜினியர். மாதிரிக்குப் பெட்டிகள் செய்து அனுப்பினார். பால்டிமோரில் காலை உணவோடு ஒரு சந்திப்பு என்று பேச்சு. டான்ட்லிங்கர் போய்ப் பார்த்தால் ஆளையே காணோம். விசாரித்துக்கொண்டு கப்பல் பட்டறைக்குப் போனால், மெக்லீனும் அவருடைய அதிகாரிகளும் பெட்டியின் கூரைமேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். கூரை அசையவில்லை. ஆர்டர் உறுதியானது.

1956 ஏப்ரல் 26. ஐடியல் எக்ஸ் என்ற பழைய எண்ணெய்க் கப்பல், மேல்தளத்தில் 58 பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. சில்லறையாகச் சரக்கு ஏற்ற டன்னுக்கு 5.83 டாலர் ஆன காலம் அது. பெட்டிகளாக ஏற்றியபோது டன்னுக்கு ஆனது 16 சென்ட்டுக்கும் குறைவு. தொழில் தெரிந்தவர்களுக்கு அந்த எண்ணே போதுமானதாக இருந்தது.

பூட்டு எப்படி வேலை செய்கிறது?

பெட்டிகளை அடுக்குவது சுலபம். ஆடுகிற கப்பலில் அடுக்கியது அடுக்கியபடி நிற்க வேண்டும். அதுதான் கஷ்டம். 1957இல் வந்த கேட்வே சிட்டி என்ற கப்பலில் மெக்லீன் 226 பெட்டிகளை ஏற்றினார். கப்பலின் வயிற்றுக்குள் இரும்புத் தூண்கள் நட்டு, அலமாரி அறைகளைப் போலப் பிரித்திருந்தார்கள். பெட்டி மேலிருந்து அந்த அறைக்குள் இறங்கும். ஆனால் மேல்தளத்தில் தூண்கள் கிடையாது. அங்கே மேல் பெட்டியைக் கீழ்ப் பெட்டியோடு கோக்க டான்ட்லிங்கர் கண்டுபிடித்த வழிதான் ட்விஸ்ட் லாக்.

பெட்டியின் எட்டு மூலையிலும் எஃகு வார்ப்பு ஒன்று இருக்கும். அதில் நீள்வட்டத் துளை. பூட்டின் தலையும் அதே நீள்வட்டம். துளையும் தலையும் ஒரே வாக்கில் இருந்தால் உள்ளே போகும். போனதும் 90 டிகிரி திருப்பினால் குறுக்காக நிற்கும், வெளியே வராது. சாவித் துவாரத்தில் சாவியைத் திருப்புவது போலத்தான்.

முதலில் இதைக் கையால்தான் திருப்ப வேண்டியிருந்தது. நான்கைந்து அடுக்கு உயரத்தில், ஈரமான இரும்புக் கூரைமேல் ஏறி நின்று பூட்டைப் போடவும் எடுக்கவும் வேண்டும். கால் வழுக்கினால் உயிர் போகும் வேலை. ஸ்பிரிங் வைத்த பூட்டு பிற்பாடு வந்து இதை மாற்றியது. கிரேனில் பெட்டி தொங்கும்போதே தரையில் நிற்பவர் அதன் கீழ் மூலைகளில் பூட்டை மாட்டிவிடுவார். பெட்டி அடுக்கின்மேல் உட்காரும்போது, எடை அழுத்தி பூட்டின் தலை திரும்பித் துளைக்குள் போகும். போனதும் ஸ்பிரிங் அதை இழுத்துக் குறுக்காக நிறுத்திவிடும். யாரும் மேலே ஏற வேண்டியதில்லை. கழற்றும்போது மட்டும் நீளக் கம்பால் கீழிருந்தபடியே இழுத்து விடுவார்கள். கோடவுனில் உயரம் மாற்றக்கூடிய ரேக்குகளில், குறுக்குச் சட்டம் இடறி விழாமல் இருக்க ஸ்பிரிங் கொக்கி ஒன்று இருக்குமே, யோசனை அதேதான். வைத்தால் தானே பூட்டிக்கொள்ள வேண்டும், வேண்டுமென்று எடுத்தால்தான் வர வேண்டும்.

உரிமையைக் கொடுத்தார்

1960இல் மெக்லீனின் கம்பெனி சீ-லேண்ட் என்று பெயர் மாறியது. அதற்குள் போட்டியாளர்களும் பெட்டிக்கு வந்துவிட்டார்கள். அவரிடம் 35 அடி, இன்னொருவரிடம் 24 அடி. ஆளுக்கொரு பூட்டு, ஆளுக்கொரு மூலை. ஒருவர் பெட்டியை இன்னொருவர் கிரேனால் தூக்க முடியாது. போனுக்கு ஒரு சார்ஜர் என்று அலைந்த காலம் ஞாபகம் இருக்கா? அதே நிலைமை, 30 டன் அளவில்.

பொதுத் தரம் ஒன்று தேவை என்று நிபுணர்கள் பல வருஷம் பேசினார்கள். நல்ல பூட்டு எது என்பதில் பெரிய குழப்பம் இல்லை. ஆனால் அதன் காப்புரிமை சீ-லேண்டிடம் இருந்தது. டான்ட்லிங்கர் அதற்குள் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். அவரே தன் பழைய முதலாளியிடம் போய், உரிமையை விட்டுத்தரும்படி கேட்டார். எல்லோரும் ஒரே பூட்டுக்கு வந்தால் பெட்டித் தொழிலே பெருகும் என்பது அவர் வாதம். 1963 தொடக்கத்தில் மெக்லீன் சம்மதித்தார்.

இதை தர்மம் என்று மட்டும் பார்க்க வேண்டியதில்லை. தொழில் பத்து மடங்கு பெருகினால் தன் பங்கும் பெருகும் என்பது ஒரு வியாபாரியின் கணக்கு. ஆனால் அந்தப் பூட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, வருகிறவனிடமெல்லாம் காசு வாங்கியிருக்கவும் அவரால் முடியும். அவர் விட்டுக்கொடுத்த வடிவம், திருத்தங்களோடு, 1960களின் இறுதிக்குள் சர்வதேசத் தரத்தில் இடம்பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், 20 அடி, 40 அடி என்று தரம் வந்தபோது அவருடைய சொந்த 35 அடிப் பெட்டிகள் அதற்குள் அடங்கவில்லை.

1966இல் சீ-லேண்ட் கப்பல் அட்லாண்டிக்கைக் கடந்து ராட்டர்டாம் போனது. அடுத்து வியட்நாம் போர். ராணுவச் சரக்கைக் காம் ரான் விரிகுடாவில் பெட்டிகளாக இறக்கிவிட்டு, திரும்பும் வழியில் ஜப்பானில் ஏற்றுமதிச் சரக்கை ஏற்றிவந்தன அவருடைய கப்பல்கள். 1969இல் கம்பெனியை ஒரு சிகரெட் நிறுவனத்துக்கு விற்றபோது மெக்லீன் பெரும் பணக்காரர்.

யாருக்கு நஷ்டம்?

பெட்டி வந்ததும் துறைமுகத்தில் ஆள் தேவை சரிந்தது. நியூயார்க்கின் பழைய படகுத்துறைகள் காலியாயின. அமெரிக்காவின் மேற்குக் கரையில் தொழிற்சங்கம் 1960இல் ஒரு ஒப்பந்தம் போட்டது. இயந்திரம் வரட்டும், ஆனால் அதனால் வரும் லாபத்தில் தொழிலாளிக்கும் பங்கு வேண்டும் என்பது அதன் சாரம். எல்லா ஊரிலும் அப்படிப் பேரம் பேசும் பலம் தொழிலாளிகளுக்கு இருக்கவில்லை.

தூத்துக்குடிக்கு இந்த மாற்றம் தாமதமாகத்தான் வந்தது. புதிய துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமானது. தனிக் கன்டெய்னர் முனையம் 1990களின் இறுதியில் வந்தது. பக்கத்திலேயே கொழும்பு இருப்பதால், அங்கே பெரிய கப்பலுக்கு மாறும் பெட்டிகள் இங்கிருந்து சிறிய கப்பலில் போகின்றன. அதே ஊரின் பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குப் போகும் தோணிகளில் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏறுவதையும் காணலாம். ஒரு காலத்தில் முத்துக்குளிப்பவரின் உயிர் படகில் கயிறு பிடிப்பவரின் கையில் இருந்த கரை இது. அந்த இடத்துக்கு இப்போது ஸ்பிரிங் வந்திருக்கிறது.

மெக்லீனுக்கும் எல்லாம் ஜெயமாக முடியவில்லை. 1978இல் யுனைட்டட் ஸ்டேட்ஸ் லைன்ஸ் என்ற கம்பெனியை வாங்கினார். எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போகும் என்று நம்பி, மெதுவாகப் போய் எரிபொருள் மிச்சம் பிடிக்கும் 12 ராட்சதக் கப்பல்களைத் தென் கொரியாவில் கட்டினார். எண்ணெய் விலை விழுந்தது. மெதுவான கப்பல் யாருக்கும் வேண்டாததானது. 1986இல் கம்பெனி திவாலானது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். அவர் வெளியே தலைகாட்டுவதையே குறைத்துக்கொண்டார். ஆனாலும் 1991இல், எழுபது தாண்டிய வயதில், இன்னொரு சின்னக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார்.

2001 மே 25 அன்று அவர் காலமானார். இறுதிச் சடங்கு நாளில் உலகின் பல கடல்களில் கன்டெய்னர் கப்பல்கள் சங்கு ஊதி அஞ்சலி செலுத்தின. அவர் நடத்திய கம்பெனிகளின் பெயர் இன்று பலருக்குத் தெரியாது. பெட்டியின் மூலையும் பூட்டும் மட்டும் நியூவார்க்கிலும் தூத்துக்குடியிலும் ஒன்றாகவே இருக்கின்றன.

இன்னும் ஒரு விஷயம் மாறவில்லை. பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது சரியாக விழுந்ததா என்று ஒருவர் பார்த்தாக வேண்டும். லாரியில் பூட்டைத் திருப்பாமல் கிளம்பினால் வளைவில் பெட்டி சாயும். துறைமுகத்தில் திறக்காமல் விட்டால் கிரேன் பெட்டியோடு லாரியையும் சேர்த்துத் தூக்கும். அதனால்தான் வண்டியை எடுக்கும் முன், அனுபவமுள்ள டிரைவர் நான்கு மூலையையும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு ஏறுகிறார்.