ஒலியைப் பிரித்தவர், ஒலியைப் படைத்தவர்

ஒரே சுரத்தை வயலினிலும் புல்லாங்குழலிலும் அடுத்தடுத்து வாசித்தால், கண்ணை மூடிக்கொண்டிருப்பவரும் எது வயலின், எது குழல் என்று உடனே சொல்லிவிடுவார். சுரம் ஒன்றுதான். ஒலியின் அளவும் ஒன்றுதான். அப்படியிருக்க, இரண்டும் வேறு வேறாகக் கேட்பது ஏன்? இந்தக் கேள்விக்கு விடை கண்டதோடு நில்லாமல், அந்த விடை சரிதானா என்று ஒலியைப் படைத்தே சோதித்துப் பார்த்தவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1821ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், ஜெர்மனியின் பாட்ஸ்டம் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். ஹெல்ம்ஹோல்ட்ஸ் சிறு வயதில் அடிக்கடி நோய்வாய்ப்பட்டார். சொற்களையும் இலக்கண விதிவிலக்குகளையும் மனப்பாடம் செய்வது அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. ஆனால், காரண காரியத்தோடு விளக்கப்படும் எதுவும் அவர் மனத்தில் எளிதில் பதிந்தது. வகுப்பில் லத்தீன் பாடம் நடக்கும்போது, மேசைக்கு அடியில் ஒளியியல் கணக்குகளைப் போட்டுப் பார்ப்பாராம்.

இயற்பியல் படிக்க வேண்டும் என்பதே அவருடைய ஆசை. ஆனால், ஓர் ஆசிரியரின் வருமானத்தில் அதற்கு வழியில்லை. பெர்லினில் இருந்த அரசு மருத்துவக் கல்விக்கூடத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம்; படித்து முடித்ததும் எட்டு ஆண்டுகள் இராணுவ மருத்துவராகப் பணியாற்ற வேண்டும். 1838ஆம் ஆண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அந்த வாய்ப்பை ஏற்றுக்கொண்டார். பெர்லினுக்குப் புறப்பட்டபோது தம் பியானோவையும் உடன் கொண்டு சென்றார். பகலில் மருத்துவம் பயின்றார். ஓய்வு நேரத்தில் இசையோடும் கணித நூல்களோடும் வாழ்ந்தார்.

பின்னர், இராணுவப் பணிக்காகப் பாட்ஸ்டமுக்கே திரும்பினார். படைவீரர் குடியிருப்பிலேயே சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்துக்கொண்டார். ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது. அது வடிவம் மட்டுமே மாறும் என்பதை விளக்கி 1847ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். புகழ்பெற்ற ஆய்விதழ் ஒன்று அதை வெளியிட மறுத்தது. அவர் மனம் தளராமல் அதைத் தனி நூலாக வெளியிட்டார். அவருடைய திறமையை அறிந்த அறிஞர்களின் உதவியால், எட்டு ஆண்டுகள் முடியும் முன்பே இராணுவப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டுப் பேராசிரியரானார். 1851ஆம் ஆண்டில், கண்ணின் உட்புறத்தைப் பார்க்க உதவும் கருவியை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதன் மேம்பட்ட வடிவங்களைக் கண் மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகின்றனர்.

அதன்பின் அவருடைய கவனம் காதின் பக்கம் திரும்பியது. ஓர் இசைக்கருவி எழுப்பும் சுரம் தனி ஒலி அன்று. நொடிக்கு 100 முறை அதிரும் ஒரு கம்பி, 200, 300, 400 என்ற அளவுகளிலும் கூடவே அதிர்கிறது. முதல் அதிர்வை அடிப்படைச் சுரம் என்றும், மற்றவற்றை மேற்சுரங்கள் என்றும் கூறுவர். எந்த மேற்சுரம் எவ்வளவு வலுவாக ஒலிக்கிறது என்பதே வயலினையும் குழலையும் வேறுபடுத்திக் காட்டுகிறது என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் கருதினார்.

இதை அறிய, உள்ளீடற்ற உருண்டைக் கலங்களைப் பல அளவுகளில் செய்வித்தார். ஒவ்வொரு கலமும் ஒரு குறிப்பிட்ட சுரத்துக்கு மட்டுமே அதிரும். ஒரு காதை அடைத்துக்கொண்டு, மற்றொரு காதில் கலத்தின் முனையைப் பொருத்திக் கேட்டார். பல ஒலிகளுக்கு நடுவே மறைந்திருந்த மேற்சுரம், காதருகே தனித்துப் பாடுவதுபோல் கேட்டது. இப்படி ஒவ்வொன்றாக ஒலியைப் பிரித்தறிந்தார்.

ஆனாலும், அவர் நிறைவடையவில்லை. ஒரு கடிகாரத்தைக் கழற்றிவிடுவதால் மட்டும் அதைப் புரிந்துகொண்டதாகாது. மீண்டும் பூட்டி ஓட வைக்க வேண்டும். பிரித்தறிந்த மேற்சுரங்களைச் சேர்த்து அதே ஒலியைப் படைக்க முடியுமா என்று பார்க்க விரும்பினார். ஓர் அடிப்படைச் சுரத்துக்கும் அதன் ஏழு மேற்சுரங்களுக்கும் உரிய எட்டு இசைக்கவைகளை வரிசையாக நிறுத்தினார். மின்காந்தங்கள் அவற்றை இடைவிடாது அதிரச் செய்தன. ஒவ்வொன்றின் அருகிலும் மூடியுள்ள ஒரு குழாய் இருந்தது. பியானோவில் உள்ளது போன்ற கட்டைகளை அழுத்தி, அந்த மூடிகளைக் கூடுதலாகவோ குறைவாகவோ திறக்கலாம். ஒலியின் அளவும் அதற்கேற்ப மாறும்.

கட்டைகளை வெவ்வேறு விதமாக அழுத்தியபோது, அக்கருவி மனிதக் குரலைப் போல உயிரொலிகளை எழுப்பியது! ‘ஊ’, ‘ஓ’ ஆகியவை நன்றாக அமைந்தன. ‘ஈ’ சரியாக அமையவில்லை. அதற்கு இன்னும் உயர்ந்த மேற்சுரங்கள் தேவை என்பதை அந்தத் தோல்வியே அவருக்கு உணர்த்தியது.

இந்த ஆய்வுகளின் நடுவே, 1859ஆம் ஆண்டில் தந்தையையும் மனைவி ஓல்காவையும் அவர் பறிகொடுத்தார். இரு சிறு பிள்ளைகளோடு தவித்த அந்நாள்களிலும் ஆய்வைக் கைவிடவில்லை. 1863ஆம் ஆண்டில், ஒலியுணர்வு பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. காது ஒலியை எப்படிப் பகுத்தறிகிறது என்பது பற்றி அவர் கூறிய சில கருத்துகள் பிற்காலத்தில் திருத்தப்பட்டன. இருப்பினும், ஒலியியலில் அந்நூலுக்கு நிலையான இடம் உண்டு.

அவருடைய இசைக்கவை ஆய்வு, அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்ற இளைஞரையும் கவர்ந்தது. ஜெர்மன் மொழியை நன்கு அறியாத பெல், ஹெல்ம்ஹோல்ட்ஸ் உயிரொலிகளைக் கம்பி வழியாக அனுப்பிவிட்டார் என்று தவறாகப் புரிந்துகொண்டார். அது முடியும் என்ற நம்பிக்கையோடு உழைத்த பெல், 1876ஆம் ஆண்டில் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1894ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் மறைந்தார். அன்று அவருக்கு மின்காந்தங்களும் இசைக்கவைகளும் நிறைந்த ஓர் அறை தேவைப்பட்டது. இன்று அதே சோதனையை இலவச ஒலி மென்பொருளைக் கொண்டு ஒரு மாணவர் வீட்டிலேயே செய்யலாம். நொடிக்கு 200 அதிர்வுகள் கொண்ட ஓர் எளிய ஒலியை உருவாக்கினால், அது வெறுமையாகக் கேட்கும். அதனுடன் 400, 600, 800 அதிர்வுகள் கொண்ட ஒலிகளைப் படிப்படியாக அளவைக் குறைத்துச் சேர்த்தால், அது செறிவு பெறும். 400, 800 ஆகியவற்றை நீக்கி, 1000ஐச் சேர்த்தால், கிளாரினெட் போன்ற ஒலி பிறக்கும். இசைக்கவையின் இடத்தில் இப்போது கணினி இருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

விரும்பிய கல்வி கிடைக்காதபோது, கிடைத்த கல்வியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் பழிக்கவில்லை. காதை அறிய மருத்துவமும், அலையை அறிய கணிதமும், சுரத்தை அறிய பியானோவும் அவருக்குக் கைகொடுத்தன. பிரித்துப் பார்த்ததை மீண்டும் படைத்துக் காட்டும்போதே அறிவு முழுமை பெறுகிறது என்பதை அவருடைய வாழ்க்கை உணர்த்துகிறது.