ஆயிரம் மணி நேர உழைப்பு... அடியில் ஒரு விரிசல்!

ஆயிரம் மணி நேரம் உட்கார்ந்து செதுக்கின ஜாடி, சூளையிலிருந்து விரிசலோட வந்தா நீங்க என்ன செய்வீங்க? 1910-ல் அடிலெய்ட் ராபினோவுக்கு அதுதான் நடந்தது.

1865-ல் அமெரிக்காவில் பிறந்தவர். பெண்கள்னா பீங்கான்ல பூ வரைஞ்சா போதும்னு நினைச்ச காலம். அடிலெய்டும் அப்படித்தான் ஆரம்பிச்சார். ஆனா, சீக்கிரமே களிமண்ணையும் சூளையையும் தன் கையில் எடுத்துக்கிட்டார்.

பெண்களுக்குக் கல்வி தர உருவான 'அமெரிக்கன் வுமன்ஸ் லீக்', மிசௌரியில் நடத்திய கலைக்கூடத்துக்கு அவரை அழைத்தது. அங்கே பிறந்ததுதான் வண்டுகள் செதுக்கிய அந்த ஜாடி. விரிசலைப் பூசி மறைச்சிடலாம்னு சக கலைஞர் சொன்னார். அடிலெய்ட் கேட்கலை. அரைத்த பீங்கானால் விரிசலை நிரப்பி, மறுபடி சூளையில் வைத்தார். முழுசா வந்தது!

1911-ல் இத்தாலியின் டூரின் கண்காட்சியில் அவர் படைப்புகளுக்குப் பெரும் பரிசு. 1929-ல் அடிலெய்ட் மறைந்தார். ஜாடி இன்னும் சிரக்யூஸ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கு, பாருங்க!