ஈரோடு ஈன்ற கணித மேதை

பெருங்கதை பாடிய கொங்குவேளிரைத் தந்த கொங்கு மண்டலம், பிற்காலத்தில் உலகுக்கு அளித்த மற்றோர் அறிவுச் செல்வம் சீனிவாச இராமானுஜன் ஆவார். 1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் அவர் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார், கும்பகோணத்துத் துணிக்கடை ஒன்றில் கணக்கர்; தாயார் கோமளத்தம்மாள்.

கணிதத்தில் கொண்ட தீராத வேட்கையால் பிற பாடங்களைப் புறக்கணித்த இராமானுஜன், கல்லூரி உதவித்தொகையை இழந்தார், எஃப்.ஏ. தேர்விலும் தோல்வியுற்றார். 1909இல் சானகி அம்மையாரை மணந்தபின், குடும்பப் பொறுப்பு அவரை வேலை தேடி அலையச் செய்தது. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார்.

1913 சனவரியில் அவர் எழுதிய கடிதத்தைக் கண்டு வியந்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டி, அவரை இங்கிலாந்துக்கு வரவழைக்க முயன்றார். இராமானுஜன் இசையவில்லை. கடல் கடப்போரைச் சாதியினின்று விலக்கும் வழக்கம் அந்நாளில் இருந்தது, தாயாரும் உடன்படவில்லை. அறிவின் அழைப்பு ஒருபுறம், ஈன்றவளின் சொல் மறுபுறம் என நின்ற அவ்விளைஞரின் உள்ளப் போராட்டத்தை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர் தாயை மீறவுமில்லை, கணிதத்தைக் கைவிடவுமில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் அளித்த மாதம் 75 ரூபாய் உதவித்தொகையைக் கொண்டு இங்கேயே ஆய்வைத் தொடர்ந்தார். பின்னர், நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் தோன்றி மகனைத் தடுத்தலாகாது எனப் பணித்ததாகக் கூறி, அன்னையாரே விடைகொடுத்தார் என்பர். 1914 மார்ச் 17ஆம் நாள் அவர் கப்பலேறினார்.

அயல்நாட்டிலும் புலால் உண்ணாது, தம் கையாலேயே சமைத்து உண்டார். உதவித்தொகையில் ஒரு பகுதி பெற்றோரைச் சேர்ந்தது. 1917இல் நோய் அவரைப் பற்றியது. 1918இல் இராயல் சொசைட்டி உறுப்பினரானார். மறு ஆண்டு புதிய உதவித்தொகை கிடைத்தபோது, பெற்றோருக்கும் தம் தேவைக்கும் போக எஞ்சுவது ஏழை மாணவர், அனாதைச் சிறுவர் ஆகியோரின் கல்விக்குச் செல்லட்டும் என எழுதினார்.

ஆயினும், அவர் பெரிதும் போற்றிய குடும்பத்தில் அமைதி நிலவவில்லை. மாமியார் மருமகள் பிணக்கினால், சானகி அம்மையாரின் கடிதங்கள் அவர் கைக்கு எட்டாமற் போயின. 1919இல் நாடு திரும்பியவர், பிறந்த மண்ணுக்கு அண்மையில், காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் சிலகாலம் தங்கினார். நோய் நீங்கவில்லை. 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில், 32 வயதில் மறைந்தார். இறுதி நாள்வரை அவர் எழுதிய தாள்களைச் சேர்த்துக் காத்தவர் சானகி அம்மையாரே.

தொலைவிலுள்ள கல்விக்கூடம் நம் பிள்ளைகளை அழைக்கும்போது, அவர்கள் நம் முகத்தையே நோக்கி நிற்பர். காலத்தே விடைகொடுத்தலும், சென்றவர்க்கும் இல்லத்தார்க்கும் இடையே அன்பின் வழியை அடைக்காதிருத்தலும் நம் கடமையென இவ்வாழ்வு உணர்த்துகிறது.