ஆடுபுலிக் கணக்கும் மன்னார்க் கடலும்

போர்க்களத்தை மேசைமீது அமைத்துச் சிறு பொம்மைப் படைகளை நகர்த்தி விளையாடும் வழக்கம் மேலைநாடுகளில் நூறாண்டுகளுக்கும் மேலாக நிலவி வருகின்றது. ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913ஆம் ஆண்டில் அதற்கென விதிநூல் ஒன்றையே வெளியிட்டார். இன்று இவ்விளையாட்டில் ஈடுபடுவோர் வீரனுக்கு இத்தனை, பீரங்கிக்கு இத்தனை எனப் புள்ளிகள் வகுத்து, இரு தரப்பின் கூட்டுத்தொகையும் சமமாக இருக்குமாறு படை அமைத்துக்கொள்கின்றனர். நமது ஆடுபுலி ஆட்டமும் இதே நியாயத்தை வேறு வழியில் எட்டியது. அதில் புலிகள் 3, ஆடுகள் 15. புலி தாவி வெட்டும். ஆடு வெட்டாது, ஆனால் கூடி நின்று வழியடைக்கும். எண்ணிக்கை சமமன்று, வெற்றி வாய்ப்போ இரு புறமும் உண்டு.

இந்த அளவுகோலைக் கொண்டு மன்னாரின் வரலாற்றை நோக்குவோமாயின், நம் முன்னே நிற்பவன் யாழ்ப்பாண அரசன் முதலாம் சங்கிலி. அவன் 1519ஆம் ஆண்டில் அரியணை ஏறினான். உறவினரை ஒழித்தே அவன் அரசுரிமை பெற்றான் என்கிறது யாழ்ப்பாண வைபவமாலை. அவன் ஆட்சிக்காலத்திலேயே போர்த்துக்கேயர் முத்துக்குளிக்கும் மன்னார்க் கடலைத் தம் கைக்குள் கொண்டுவரத் தொடங்கினர். எதிர்க்கரைப் பரதவர்கள் 1530களில் கத்தோலிக்க மதத்தைத் தழுவிப் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடினர். கடலில் பீரங்கி பூண்ட கப்பல்கள் புலிகளாயின. சங்கிலிக்கு இருந்த பலம் நிலமும் காடும் மக்கள் தொகையுமே. தன் கரையில் உடைந்த கப்பல்களின் சரக்கை அவன் கைப்பற்றியதும் பகைக்கு ஒரு காரணமாயிற்று. 1543ஆம் ஆண்டில் போர்த்துக்கேய ஆளுநரின் கப்பற்படை வந்தபோது, திறை செலுத்த இணங்கி அவன் தப்பினான்.

மறு ஆண்டு நடந்ததை நாம் மறைக்கவியலாது. பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவரால் மன்னார்த் தீவில் பலர் திருமுழுக்குப் பெற்றனர். மதம் மாறியோர் அந்நியரின் குடிகளாகிவிடுவர் என அஞ்சிய சங்கிலி, 1544ஆம் ஆண்டில் தானே படையுடன் சென்று அவர்களைக் கொன்றொழித்தான். மாண்டோர் 600க்கும் மேற்பட்டோர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. தோட்டவெளியில் அவர்கள் இன்றும் மறைசாட்சிகளாகப் போற்றப்படுகின்றனர். பழிவாங்க 1545ஆம் ஆண்டில் திட்டமிடப்பட்ட படையெடுப்போ கைவிடப்பட்டது. கரையில் சிக்கிய போர்த்துக்கேயக் கப்பலொன்றின் சரக்கு சங்கிலியின் கையில் இருந்தமையே அதற்குக் காரணம். இறந்தோரைவிடச் சரக்கே கனத்தது.

1560ஆம் ஆண்டில் அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா பெரும் படையுடன் வந்து நல்லூரைப் பிடித்தார். சங்கிலி வன்னிப் புறமாகப் பின்வாங்கினான்; மகன் பிணையாளியானான். ஆனால் மக்கள் கிளர்ந்தெழுந்து படையைச் சூழ்ந்துகொண்டனர். புலிக்கு நகர வழியின்றிப் போயிற்று. குடாநாட்டை விட்டு வெளியேறிய பிரகன்சா மன்னார்த் தீவைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினார். 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் வரும்வரை அது போர்த்துக்கேயர் வசமே இருந்தது. சங்கிலியோ 1561ஆம் ஆண்டில் அரியணையை இழந்தான். 1565ஆம் ஆண்டில் மறைந்தான்.

1619ஆம் ஆண்டில் பிடிபட்டுக் கோவாவில் தூக்கிலிடப்பட்ட இரண்டாம் சங்கிலியுடன் இவனைக் குழப்பிக்கொள்வோர் நம்மிடையே பலர். அக்குழப்பத்தில் ஒருவனின் வீரம் மற்றவனின் கொடுமையை மூடிவிடுகின்றது. அல்லது கொடுமை வீரத்தை மூடிவிடுகின்றது. முதலாம் சங்கிலி, தன்னினும் வலிய கடற்பேரரசை நாற்பதாண்டுகள் தாக்குப்பிடித்தவன் என்பது உண்மை. பீரங்கியின் எதிரே அவன் நின்றதை நாம் மெச்சலாம். ஆனால் மன்னாரில் அவன் முன் நின்றவர்கள் படையினர் அல்லர். மேசைப் போரில் புள்ளி மதிப்பு ஏந்திய படைக்கலத்துக்கே உண்டு. படைக்கலம் ஏந்தாதவருக்கு அந்த ஆட்டத்தில் கட்டமே கிடையாது. மெய்யான போரிலோ முதலில் மடிபவர் பெரும்பாலும் அவர்களே.

நம் பிள்ளைகளுக்குச் சங்கிலியைக் கற்பிக்கும் பாடநூல்கள் 1560ஆம் ஆண்டின் எழுச்சியையும் 1544ஆம் ஆண்டின் படுகொலையையும் ஒரே பக்கத்தில் சொல்ல வேண்டும். நல்லூரில் நின்று பெருமை கொள்வோரும் தோட்டவெளியில் மெழுகுவர்த்தி ஏற்றுவோரும் ஒரே மண்ணின் மக்கள். இரு தரப்பாருக்கும் பொதுவான வரலாறு அப்படித்தான் எழுதப்பட முடியும் என நாம் கருதுகின்றோம்.